ஷாட் கிளாக் என்றால் என்ன? 1954-55 என்பிஏ சீசனை வைத்து ஓர் எளிய விளக்கம்

கூடைப்பந்து ஆட்டத்தை டிவியில் புதிதாகப் பார்க்கிறவர்களை முதலில் குழப்புவது இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஆட்ட நேரத்தைக் காட்டுவது. அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஒரு குவார்ட்டருக்கு 12 நிமிடம், நான்கு குவார்ட்டருக்கு 48 நிமிடம். இன்னொன்று கூடைப் பலகைக்கு மேலே 24, 23, 22 என்று இறங்கிக்கொண்டே வரும். நடுவில் சட்டென்று மறுபடியும் 24-க்குத் தாவும், சில சமயம் 14-க்குத் தாவும். அந்த இரண்டாவது கடிகாரம்தான் ஷாட் கிளாக்.

விதி சின்னதுதான். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததும் 24 விநாடி ஓட ஆரம்பிக்கிறது. அதற்குள் அந்த அணி கூடையை நோக்கிப் பந்தை எறிந்தாக வேண்டும். பந்து உள்ளே விழுந்துதான் ஆக வேண்டும் என்றில்லை, வளையத்தில் பட்டாலே போதும். நேரம் முடிந்ததற்கான ஒலி எழுவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றில் பறந்துகொண்டிருக்கும்போது ஒலி வந்து, பிறகு பந்து உள்ளே விழுந்தாலும் புள்ளி உண்டு. எறியவே இல்லை என்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இவ்வளவு சின்ன விதி ஒரு லீகையே காப்பாற்றியது என்றால் நம்பக் கடினமாக இருக்கலாம். அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்த 1954-55 சீசனைப் பார்த்தால் நம்பிக்கை வரும். ஆனால் அந்த சீசனைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னால் ஆட்டம் எந்த நிலைமையில் இருந்தது என்று தெரிய வேண்டும்.

கடிகாரம் இல்லாத காலம்

1950-ல் நீங்கள் ஓர் அணிக்குப் பயிற்சியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நிமிடம் பாக்கி, உங்கள் அணி ஐந்து புள்ளி முன்னிலை. என்ன செய்யச் சொல்வீர்கள்? கூடையை நோக்கி எறியச் சொன்னால் பந்து வெளியே போகலாம், எதிரணி அதைப் பிடித்துப் புள்ளி எடுக்கலாம். எறியாமலே இருந்தால் எந்த ஆபத்தும் இல்லை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர (இதைத்தான் டிரிபிள் என்பார்கள்) நன்றாகத் தெரிந்தவரிடம் அதைக் கொடுத்து, நேரம் தீரும்வரை வைத்துக்கொள்ளச் சொல்வதே கெட்டிக்காரத்தனம். அன்றைய விதியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

அன்றைய பயிற்சியாளர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விதி எதற்குப் பரிசு கொடுக்கிறதோ அதைத்தான் ஆடுகிறவர்கள் செய்வார்கள்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸ் நகரத்தில் கூடியிருந்த ரசிகர்கள் நேரிலேயே பார்த்தார்கள். உள்ளூர் அணியான லேக்கர்ஸில் ஜார்ஜ் மைகன் இருந்தார், ஆறு அடி பத்து அங்குல உயரம். அந்தக் காலத்தில் அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை. விருந்தாளியாக வந்த ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி ஒரு முடிவோடு வந்திருந்தது. பந்து நம் கையில் இருக்கும்வரை மைகனால் புள்ளி எடுக்க முடியாது, அதனால் பந்தை நாமே வைத்துக்கொள்வோம் என்பதுதான் அது. பிஸ்டன்ஸ் வீரர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லேக்கர்ஸும் வெளியே வந்து பறிக்க முயலாமல் கூடைக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். நிமிடங்கள் அப்படியே போயின. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள்.

கடைசி சில விநாடிகளில் லாரி ஃபவுஸ்ட் போட்ட பந்தால் ஃபோர்ட் வேய்ன் ஜெயித்தது. ஸ்கோர் 19-18. நான்காவது குவார்ட்டரின் 12 நிமிடத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்தது நான்கே நான்கு புள்ளி. லேக்கர்ஸின் 18-ல் 15 மைகன் எடுத்தது. என்பிஏ வரலாற்றில் இன்றுவரை இதுதான் மிகக் குறைந்த ஸ்கோர் கொண்ட ஆட்டம்.

இது ஏதோ ஒருநாள் கூத்து என்று ஒதுக்கிவிடலாம் என்றால், ஆறே வாரத்தில் இன்னொன்று நடந்தது. 1951 ஜனவரி 6-ல் ராச்செஸ்டர் ராயல்ஸும் இண்டியானாபொலிஸ் ஒலிம்பியன்ஸும் மோதிய ஆட்டம் 65-65 என்று சமனில் முடிந்தது. அப்புறம் ஐந்து ஐந்து நிமிடமாக ஆறு கூடுதல் நேரம் தேவைப்பட்டது. கேட்கும்போது பரபரப்பாக இருக்கும், ஆனால் நடந்தது வேறு. ஒவ்வொரு கூடுதல் நேரத்திலும் முதலில் பந்து கிடைத்த அணி, கடைசி ஒரு ஷாட்டுக்காகப் பந்தை வைத்துக்கொண்டே நின்றது. அரை மணி நேரக் கூடுதல் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்தது 18 புள்ளி. முடிவு 75-73, ஒலிம்பியன்ஸுக்கு வெற்றி.

பந்தை வைத்துக்கொண்டு நிற்பது பாதிப் பிரச்சினைதான். அதற்கு எதிரணி கண்டுபிடித்த மருந்து இன்னும் மோசம். பின்தங்கிய அணிக்கு எப்படியாவது பந்து வேண்டும். பறிக்க முடியவில்லை என்றால் என்ன வழி? பந்து வைத்திருப்பவரைப் பிடித்து இழுத்து வேண்டுமென்றே ஃபவுல் செய்வது. சாதாரண ஃபவுலுக்குத் தண்டனை ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் ஒரு கோட்டில் நின்று எறியும் வாய்ப்பு, உள்ளே விழுந்தால் ஒரு புள்ளி. எதிரணிக்கு அதிகபட்சம் ஒரு புள்ளி போகும், ஆனால் பந்து நம் கைக்கு வரும், நாம் இரண்டு புள்ளி எடுக்கலாம். லாபமான வியாபாரம். உடனே முன்னிலையில் இருக்கும் அணியும் அதையே திருப்பிச் செய்யும். கடைசிப் பத்து நிமிடம் ஆட்டமே இருக்காது. விசில், ஃப்ரீ த்ரோ, விசில், ஃப்ரீ த்ரோ.

1953 மார்ச் 21-ல் பாஸ்டன் செல்டிக்ஸும் சைரக்யூஸ் நேஷனல்ஸும் மோதிய பிளே-ஆஃப் ஆட்டம் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) இதற்குச் சரியான சாட்சி. நான்கு கூடுதல் நேரம், மொத்தம் 106 ஃபவுல். பாஸ்டனின் பாப் கூசி 50 புள்ளி எடுத்தார். பெரிய சாதனைதான், ஆனால் அந்த 50-ல் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. அந்தக் காலத்தின் அற்புதமான வீரர்களில் ஒருவர், தன் மிகப் பெரிய ஆட்டத்தின் பெரும்பகுதியை ஒரு கோட்டில் நின்றபடி எறிந்து கழிக்க வேண்டியிருந்தது. அவர் ஓடி ஆடுவதைப் பார்க்கத்தானே ரசிகர்கள் காசு கொடுத்து வந்தார்கள்?

நம் சடுகுடுவில் இந்த நோய் வராது. பாடிப் போகிறவரின் ஒரு மூச்சுதான் அங்கே கடிகாரம். மூச்சு விட்டால் ஆட்டம் போச்சு, அதனால் எதிர்ப்பக்கம் போய்ச் சும்மா நிற்க யாராலும் முடியாது. பிற்காலத்தில் புரோ கபடியில் 30 விநாடி என்று எழுதி வைத்ததற்கு முன்பே, முறை மாறுவது அந்த ஆட்டத்தின் உடம்பிலேயே இருந்தது. கூடைப்பந்தில் அப்படி இயல்பாக எதுவும் இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒருவரால் நிற்க முடியும். அதனால் ஒரு மூச்சை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

2,880-ஐ 120-ஆல் வகுத்தவர்கள்

லீகின் நிலைமை அப்போது மோசம். 1949-50 சீசனில் 17 அணிகள் இருந்தன. அணிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, 1954-55 தொடங்கும்போது ஒன்பதுதான் பாக்கி. அந்த ஒன்பதிலும் பால்டிமோர் புல்லட்ஸ் 14 ஆட்டங்களிலேயே, நவம்பர் மாதமே, கடையைக் கட்டியது. சீசன் எட்டு அணிகளோடுதான் முடிந்தது.

நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் சைரக்யூஸ் பெரிய நகரம் இல்லை. அந்த ஊர் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன், இத்தாலியில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். பெரிய தொழிலதிபர் எல்லாம் கிடையாது, பௌலிங் கூடம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு ஷாட்டுக்கு நேர வரம்பு வேண்டும் என்று அவர் சக உரிமையாளர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அணி நிர்வாகத்தில் இருந்த லியோ ஃபெரிஸுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. வகுத்தல் கணக்கைப் போட்டவரே ஃபெரிஸ்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எத்தனை விநாடி கொடுக்கலாம்? 20, 30 என்று முழு எண்ணாக எதையாவது வைத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பார்க்க நன்றாக இருந்த ஆட்டங்களின், யாரும் நேரம் கடத்தாத ஆட்டங்களின் கணக்கேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஓர் அணி சுமார் 60 தடவை கூடையை நோக்கி எறிந்திருந்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆட்டத்தை அவசரப்படுத்த வந்த விதி என்றுதான் பலர் ஷாட் கிளாக்கை நினைக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. நல்ல ஆட்டம் தானாக எந்த வேகத்தில் ஓடியதோ, அந்த வேகத்தைத்தான் எண்ணாக எழுதினார்கள். மெதுவாக ஆடுவதை அது தடுக்கவில்லை, ஆடாமல் இருப்பதைத்தான் தடுத்தது.

1954 ஆகஸ்டில் சைரக்யூஸில் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கில் இதை ஒத்திகை பார்த்தார்கள். லீக்காரர்கள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஆடியவர்களில் நேஷனல்ஸின் நட்சத்திரம் டால்ஃப் ஷேய்ஸும் ஒருவர். ஆரம்பத்தில் வீரர்கள் பதற்றத்தில் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் எறிந்தார்களாம். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது: 24 விநாடி தாராளம். நான்கைந்து பாஸ் போட்டு, நல்ல இடம் தேடி, நிதானமாக எறியலாம். நீங்களே ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 24 விநாடி சும்மா இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அடுத்தது, பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிற பகுதி. அதே 1954-55 சீசனில் இன்னொரு விதியும் வந்தது. ஒரு குவார்ட்டரில் ஓர் அணி ஆறு ஃபவுல் வரை செய்யலாம், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கூடுதல். முன்பு சொன்ன வியாபாரம் நினைவிருக்கிறதா, ஒரு புள்ளி கொடுத்து இரண்டு புள்ளிக்கு வாய்ப்பு வாங்குவது? இந்த விதி வந்ததும் அந்த வியாபாரத்தில் லாபம் போய்விட்டது. கூடுதல் ஃப்ரீ த்ரோ வந்தபிறகு இரண்டு கொடுத்து இரண்டுக்கு முயல்வதில் அர்த்தமில்லை.

ஷாட் கிளாக்கை மட்டும் கொண்டுவந்திருந்தால் பாதிதான் வேலை நடந்திருக்கும் என்பது என் கருத்து. கடிகாரம், ஃபவுல் செய்ய வேண்டிய தேவையை எடுத்தது. கொஞ்சம் பொறுத்தால் 24 விநாடியில் பந்து எப்படியும் வரப்போகிறதே! ஃபவுல் வரம்போ அதில் இருந்த லாபத்தை எடுத்தது. இரண்டும் ஒரே சீசனில் சேர்ந்து வந்ததால்தான் மாற்றம் அவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரிந்தது. புகழ் எல்லாம் கடிகாரத்துக்கே போனது, தம்பி விதியை யாரும் பேசுவதில்லை.

அந்த சீசனில் நடந்தது

1954 அக்டோபர் 30, புதிய கடிகாரத்தோடு முதல் ஆட்டம். ராச்செஸ்டர் 98, பாஸ்டன் 95. அதே ராச்செஸ்டர்தான் நான்கு வருடம் முன்னால் ஆறு கூடுதல் நேரம் நின்றே கழித்த அணி.

முந்தைய சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 79.5 புள்ளி. 1954-55-ல் அது 93.1. ஒரே வருடத்தில் பதின்மூன்று புள்ளிக்கு மேல் ஏற்றம். அப்போது தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் ஷாட் கிடையாது, அது என்பிஏவுக்கு 1979-ல்தான் வந்தது. பாஸ்டன் சராசரி 101.4, நூறைத் தாண்டிய முதல் அணி. பாப் கூசிக்கு ஓட இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை லீக் பார்த்தது. ஆனாலும் பாஸ்டனின் கணக்கு 36 வெற்றி, 36 தோல்வி. நிறையப் புள்ளி எடுப்பதும் ஜெயிப்பதும் ஒன்றல்ல, எதிரணிக்கும் அதே அளவு வாய்ப்பு கிடைக்கிறதே. தடுப்பாட்டம் இல்லாமல் கோப்பை இல்லை என்பது கடிகாரம் வந்த பிறகும் மாறவில்லை. சொல்லப்போனால் தடுப்பாட்டத்துக்கு இப்போதுதான் மதிப்பு கூடியது. 24 விநாடி ஒழுங்காகத் தடுத்தால் பந்து உங்களுடையது என்று விதியே உறுதி சொல்கிறது.

லேக்கர்ஸ் அதுவரை தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியன். மைகன் அந்த சீசன் தொடங்குவதற்கு முன் ஓய்வு அறிவித்துவிட்டார். மில்வாக்கி ஹாக்ஸுக்குப் புதிதாக வந்த பாப் பெட்டிட் முதல் வருடத்திலேயே ஜொலித்து, சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். ஒரு தலைமுறை போய் இன்னொன்று வந்த வருடமும் அதுதான்.

இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகளின் பெயரைக் கேளுங்கள். ஒன்று பியாசோனின் சைரக்யூஸ் நேஷனல்ஸ். இன்னொன்று 19-18 புகழ் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ். இரண்டுக்கும் அந்த சீசனில் ஒரே கணக்கு, 43 வெற்றி, 29 தோல்வி. ஏழு ஆட்டங்களில் நான்கு ஜெயிக்கிறவருக்குக் கோப்பை. ஃபோர்ட் வேய்ன் அரங்கில் அந்த வாரங்களில் பௌலிங் போட்டி நடந்துகொண்டிருந்ததால், பிஸ்டன்ஸ் தங்கள் பங்கு ஆட்டங்களை இண்டியானாபொலிஸில் ஆட வேண்டியிருந்தது. சைரக்யூஸில் ஆடியதெல்லாம் சைரக்யூஸுக்கு, இண்டியானாபொலிஸில் ஆடியதெல்லாம் பிஸ்டன்ஸுக்கு. மூன்றுக்கு மூன்று.

ஏழாவது ஆட்டம், 1955 ஏப்ரல் 10, சைரக்யூஸ். இரண்டாவது குவார்ட்டரில் பிஸ்டன்ஸ் 17 புள்ளி முன்னிலைக்குப் போனார்கள். 1950-ஆக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 17 புள்ளியை வைத்துக்கொண்டு பந்தை எப்படிப் பூட்டி வைப்பது என்று அந்த அணிக்கு நன்றாகத் தெரியும். இப்போது அது முடியாது. ஒவ்வொரு 24 விநாடிக்குள்ளும் எறிந்தாக வேண்டும், எறிந்தால் சைரக்யூஸுக்கு ஒரு வாய்ப்பு வரும். சைரக்யூஸ் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. கடைசியில் 91-91. பன்னிரண்டு விநாடி இருக்கும்போது சைரக்யூஸின் ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டார், 92-91. அடுத்து பிஸ்டன்ஸ் பந்தைக் கொண்டுவந்தபோது ஆண்டி ஃபிலிப்பிடமிருந்து அதே கிங் பந்தைப் பறித்தார். கோப்பை சைரக்யூஸுக்கு.

அந்த அணியில் இருந்த எர்ல் லாய்டும் ஜிம் டக்கரும் என்பிஏ கோப்பை வென்ற முதல் கறுப்பின வீரர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நேஷனல்ஸ் 1963-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கு இடம் மாறி 76ர்ஸ் ஆனது. சைரக்யூஸில் இன்று என்பிஏ அணி இல்லை. அந்த நகரின் மையத்தில் 24 விநாடிக் கடிகாரத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

சர்வதேசக் கூடைப்பந்தில் 1956-ல் 30 விநாடி என்று தொடங்கி, 2000-ல் 24 ஆக்கினார்கள். இந்தியாவில் நடக்கும் தேசியப் போட்டிகளும் இந்த சர்வதேச விதியைத்தான் பின்பற்றுகின்றன. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்துக்கு 1985-86-ல்தான் கடிகாரம் வந்தது, அதுவும் 45 விநாடி. இன்று அங்கே 30.

ஆரம்பத்தில் சொன்ன 14 எங்கிருந்து வருகிறது? ஓர் அணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்து, அதே அணியே அதைப் பிடித்தால், முழு 24 கொடுக்காமல் 14 கொடுக்கிறார்கள். ஏற்கெனவே கூடைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள், பந்தை மறுமுனையிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. என்பிஏவில் இது 2018-19 சீசனிலிருந்து.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒரு குவார்ட்டர் முடிய 40 விநாடி இருக்கும்போது கவனியுங்கள். பந்து வைத்திருக்கும் அணி வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, 32 அல்லது 33 விநாடி பாக்கி இருக்கும்போதே எறியப் பார்க்கும். எதிரணி அதற்குப் பிறகு தன் 24 விநாடியை முழுதாக எடுத்துக்கொண்டாலும், குவார்ட்டர் முடிய ஏழெட்டு விநாடி மிச்சம் இருக்கும். அந்தக் கடைசி முயற்சி முதல் அணிக்கு. எதிரணிக்கு ஒரு வாய்ப்பு, தங்களுக்கு இரண்டு. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவரை பாயிண்ட் கார்ட் என்பார்கள். நல்ல பாயிண்ட் கார்டின் கண்கள் அந்த நேரத்தில் இரண்டு கடிகாரங்களுக்கும் மாறி மாறிப் போவதைப் பார்க்கலாம்.